மூன்றாம் தளத்தில் ஒன்றரை அங்குலம்

அந்த ஆஸ்பத்திரி லிஃப்ட் மூன்றாம் தளத்தில் மட்டும், அதுவும் பிற்பகல் இரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரை மட்டும், ஒன்றரை அங்குலம் கீழே நின்றது.

காலையில் ஏறினால் ஒரு குறையும் இல்லை. லிஃப்டின் தரையும் தளத்தின் தரையும் ஒரே பலகை போல ஒட்டி நிற்கும். நான்கு மணிக்கு மேலும் அப்படித்தான். இடைப்பட்ட இரண்டு மணி நேரம்தான் வம்பு. கவனித்துப் பார்த்ததில் முதல் தளத்தில் அரை அங்குலம், இரண்டாம் தளத்தில் ஒரு அங்குலம், மூன்றில் ஒன்றரை என்று குறை ஏறிக்கொண்டே போனது. கீழ்த்தளத்துக்கு வந்துவிட்டால் பழையபடி சரியாகிவிடும்.

லிஃப்டைப் பார்த்துக்கொள்பவளை ஆஸ்பத்திரியில் எல்லோரும் லிஃப்ட்டக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பதினோரு வருஷமாக அதன் ஒவ்வொரு முனகலும் அவளுக்குத் தெரியும். மூன்று நாளாக அதன் பின்னாலேயே அலைந்தாள். பிரேக் கட்டையை மாற்றினாள். கம்பிவடம் நீண்டிருக்கிறதா என்று அளந்தாள். வடம் நீண்டிருந்தால் காலையிலும் அல்லவா கீழே நிற்க வேண்டும்? காலையில் நல்ல பிள்ளையாக இருந்துவிட்டு மத்தியானம் முரண்டு பிடிக்கும் வடத்தை அவள் பார்த்ததில்லை.

இதில் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். லிஃப்டுக்குக் கண் கிடையாது. எந்தத் தளத்தில் இருக்கிறோம் என்று அது எட்டிப் பார்ப்பதில்லை, எண்ணித்தான் கண்டுபிடிக்கிறது. மொட்டை மாடியில் இருக்கும் மோட்டாரின் வாலில் ஒரு சின்னத் தட்டு சுற்றுகிறது. தட்டின் ஓரம் முழுக்கக் கீறல்கள். ஒவ்வொரு கீறல் கடக்கும்போதும் ஒரு துடிப்பு ஒயர் வழியாகக் கன்ட்ரோல் பெட்டிக்குப் போகும். இத்தனை ஆயிரம் துடிப்பு வந்தால் முதல் தளம், இத்தனை ஆயிரம் வந்தால் மூன்றாம் தளம் என்று பெட்டி எண்ணிக்கொண்டே இருந்து மோட்டாரை நிறுத்தும். கீழ்த்தளத்தில் ஒரு சுவிட்ச் இருக்கிறது. லிஃப்ட் அதை இடித்ததும் எண்ணிக்கை பூஜ்யத்துக்குப் போய், எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். கண்ணைக் கட்டிக்கொண்டு படியை எண்ணி ஏறுகிறவனைப் போலத்தான். எண்ணிக்கை சரியாக இருக்கும்வரை கண் தேவையில்லை.

ஆக, மத்தியானத்தில் எண்ணிக்கை தப்புகிறது. ஏன் தப்புகிறது என்பதுதான் புரியவில்லை.

ஒன்றரை அங்குலம் என்பது நடந்து வருகிறவர்களுக்கு ஒன்றுமே இல்லை. ஆனால் மூன்றாம் தளத்தில்தான் அறுவை அரங்கு இருந்தது. டாக்டரம்மா மத்தியானத்தில்தான் கத்தி எடுப்பார். வயிற்றில் தையல் போட்டவர்களைத் தள்ளுவண்டியில் கிடத்தி லிஃப்டுக்குள் ஏற்றும்போது சக்கரம் ஒன்றரை அங்குலம் தொப்பென்று இறங்கும். அந்தத் தொப்புக்கு அவர்கள் போடும் சத்தம் கீழே வரவேற்பு மேஜை வரை கேட்டது. வண்டி தள்ளும் அண்ணன் இரண்டு நாளாக முன்சக்கரங்களைக் கையால் தூக்கித் தூக்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"உங்க லிஃப்ட் சாப்பிட்டு முடிச்சதும் கொஞ்சம் உக்காந்துக்குது போல, லிஃப்ட்டக்கா," என்றார்.

அவள் சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அதே அரங்கில் அவளுடைய தங்கைக்குச் சிசேரியன். தேதி குறித்தாகிவிட்டது. தங்கை கீழ்த்தள வார்டில் மலை போன்ற வயிற்றோடு படுத்துக்கொண்டு, வருகிற போகிற நர்ஸ்களிடமெல்லாம் அக்காவின் லிஃப்டைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, சரியாகலைன்னா இப்பவே சொல்லிடு. நான் படிக்கட்டுலயே பெத்துப் போட்டுட்டுப் போறேன்," என்றாள்.

எல்லாவற்றையும் பார்த்தாகிவிட்டது, ஒன்றைத் தவிர. மோட்டார் அறைச் சுவரில் ஒயர்கள் ஓடும் நீளப் பெட்டி ஒன்று உண்டு. அதன் மூடியைத் திறந்து பார்க்கவில்லை. திறக்கக் கூடாது. அதன்மேல் மெய்மை வாரியத்தின் முத்திரை ஒட்டியிருந்தது.

வாரியம் வந்த கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். போனைத் திறந்தால் பொய்ப் படமாகக் கொட்டிய காலம். ஸ்பேனரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற மெக்கானிக்குகள், ஒரு குழாயைக்கூடத் தொடாமல் ஆயிரம் குழாய் மாற்றியதாகப் படம் போட்டவர்கள், ஊசியைப் பார்த்தாலே மயங்கி விழுகிற டாக்டர்கள் என்று எது நிஜம், எது வேஷம் என்று தெரியாமல் ஜனங்கள் திண்டாடினார்கள். அசலைக் கண்டுபிடித்துக் கொடுக்க அரசாங்கம் வாரியத்தை ஏற்படுத்தியது. பொய்ப் படங்களால் வந்த கேட்டை எப்படி ஒழிப்பது என்று வாரியம் ஆறு மாதம் உட்கார்ந்து யோசித்தது. யோசித்து, எல்லோரிடமும் படம் கேட்டது.

வேலையைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். வாரியம் ஒப்புக்கொண்டால் மெய்ச்சான்று கிடைக்கும். அதன்பிறகு வேலை நடந்த இடத்தை மூடி முத்திரை வைத்துவிட வேண்டும். ஒவ்வொரு திங்கட்கிழமையும், முத்திரை ஒட்டிய கண்ணாடிச் சன்னல் வழியாக அதே இடத்தை மறுபடி படம் எடுத்து அனுப்பினால், ஒப்புக்கொண்ட படத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்த்து மார்க் போடுவார்கள். கூடவே, சான்று பெற்ற லிஃப்ட் ஒவ்வொன்றிலும் வாரியத்தின் மெய்த்திரையை மாட்ட வேண்டும். மெய்ச்சான்று இல்லாத கை லிஃப்டைத் தொடக் கூடாது என்று ஆஸ்பத்திரி நிர்வாகி சுற்றறிக்கை அனுப்பியிருந்தார். முத்திரையை அனுமதியில்லாமல் உடைத்தால் சான்று போகும். சான்று போனால் அவள் வேலையும் போகும்.

எனவே வியாழக்கிழமை காலை அனுமதி கேட்டு வாரியத்துக்குப் போனாள்.

முதல் கவுண்டரில் இருந்த பெண் அவளுடைய முகத்தையும் திரையிலிருந்த அவளுடைய பதிவுப் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். வாரியத்தின் திருத்தப் பிரிவு அந்தப் படத்தை வெளுத்து, வழித்து, கன்னத்தில் கொஞ்சம் ஒளியும் தடவியிருந்தது.

"இதுல இருக்கிறவங்களுக்குக் கண்ணுக்குக் கீழ கறுப்பு இல்லை. உங்களுக்கு இருக்கே?"

மூன்று நாளாகச் சரியாகத் தூங்கவில்லை என்று லிஃப்ட்டக்கா சொன்னாள்.

"அது உங்க சொந்த விஷயம். எங்ககிட்ட பதிவாகியிருக்கிறது தூங்கின முகம். நான் யாரை உள்ளே விடறது, நீங்களே சொல்லுங்க."

அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். பக்கத்திலேயே மெய்யாக்கும் அறை என்று பலகை மாட்டிய அறை. உள்ளே இரண்டு பேர் அவளை நாற்காலியில் உட்கார வைத்து, அவளுடைய படத்தைப் பார்த்துப் பார்த்து அவள்மேல் மாவு அப்பினார்கள். இடது புருவத்தை ஒருவர் கொஞ்சம் தூக்கி வரைந்தார். பதினைந்து நிமிஷத்தில் அவள் அவளைப் போலவே ஆனாள். முதல் கவுண்டர்ப் பெண் பெருமூச்சு விட்டு, "இப்ப நீங்கதான்," என்று டோக்கன் கொடுத்தாள். எண் முந்நூற்றுப் பதினாறு.

காத்திருக்கும் கூடத்தில் ஜன்னல் இல்லை. ஜன்னல் இருக்க வேண்டிய இடங்களிலெல்லாம் திரைகள். ஒவ்வொன்றும் ஒவ்வொன்றைச் சொன்னது. ஒன்று, மற்றத் திரைகளை எந்த வரிசையில் பார்ப்பது என்று சொன்னது. உட்கார்ந்ததுமே அவளுடைய போன் துடிக்கத் தொடங்கியது. 'தகவல் மிகுதியால் வரும் குழப்பத்தைத் தவிர்ப்பது எப்படி' என்ற வழிகாட்டியை வாரியம் அறுபத்து நான்கு பகுதிகளாக அனுப்பிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றுக்கும் கீழே 'படித்துப் புரிந்துகொண்டேன்' என்று அமுக்க வேண்டும். அமுக்காவிட்டால் டோக்கன் செத்துவிடும்.

பக்கத்து நாற்காலியில் ஒரு குழாய்க்காரர், போனைப் பார்க்காமலே கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டிருந்தார். இது அவருக்குப் பதினோராவது தடவையாம். அவர் அனுப்புகிற படத்தில் தண்ணீர் தெரிகிறது என்று ஒவ்வொரு தடவையும் திருப்பி அனுப்புகிறார்களாம். வாரியத்திடம் இருக்கிற மாதிரிப் படத்தில் குழாய் காய்ந்து பளபளவென்று இருக்கிறது. தண்ணீர் வருகிற குழாயைக் காயவைத்து எப்படிப் படம் எடுப்பது என்று கேட்டதற்கு, அப்படியானால் உங்கள் குழாய் ஒழுகுகிறது என்று எழுதிக்கொண்டார்களாம்.

பதினொன்றரை மணிக்கு எல்லாத் திரைகளும் ஒரே சமயத்தில் மாறி, வாரியத் தலைவர் தோன்றினார். அந்த ஆண்டின் தலைசிறந்த மெய்ப் பணியாளருக்கு விருது அறிவிக்கிறார். ஒரு மோட்டார் மெக்கானிக்காம். தொடர்ந்து முப்பத்தைந்து வாரம் நூற்றுக்கு நூறு வாங்கியவர்.

"நூறு எடுப்பது சாதாரணமல்ல," என்றார் தலைவர். "சாதாரணப் பணியாளரின் படத்தில் வாரத்துக்கு வாரம் ஏதாவது மாறிவிடுகிறது. வெளிச்சம் மாறுகிறது. தூசு விழுகிறது. ஏதோ ஒன்றைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். இவரிடம் ஒரு மாற்றமும் இல்லை. முப்பத்தைந்து வாரமாக ஒரு தூசுகூட இடம் மாறவில்லை. உண்மை என்றால் என்ன என்று இளைஞர்கள் என்னைக் கேட்கிறார்கள். உண்மை மாறாதது. விருதை வாங்க இவரை நேரில் அழைத்தோம். மூன்று முறை அழைத்தோம். வரவில்லை. ஏன்? பணியில் மூழ்கியிருக்கிறார். இந்த அடக்கத்துக்காகவே இன்னொரு விருதும் தருகிறோம்."

கூடத்தில் கைதட்டும் ஒலி திரையிலிருந்தே வந்தது.

"அவர் எங்க பக்கத்துத் தெருக்காரர்," என்று குழாய்க்காரர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "போய்ச் சேர்ந்து எட்டு மாசமாச்சு."

லிஃப்ட்டக்கா அவரைத் திரும்பிப் பார்த்தாள். அப்படியானால் படம் யார் அனுப்புகிறார்கள் என்று கேட்டாள்.

"போன்தான். திங்கக்கிழமையானா அந்த முதல் படத்தையே தானா அனுப்புற மாதிரி செட் பண்ணி வெச்சுட்டுப் போயிட்டாரு. அவங்க வீட்டம்மா அதைச் சார்ஜ்லயே போட்டு வெச்சிருக்காங்க. திங்கக்கிழமை காலைல அது ஒரு தடவை டிங்குனு அடிக்குமாம். அந்தச் சத்தத்துக்காக."

முதல் படத்தையே திருப்பித் திருப்பி அனுப்பினால் வாரியம் கண்டுபிடிக்காதா என்று அவள் கேட்டாள்.

"என்னத்தைக் கண்டுபிடிக்கிறது? ஒத்துப்போகுதான்னுதானே பார்க்கிறாங்க. ஒத்துப்போகுதே."

மூன்று மணிக்கு முந்நூற்றுப் பதினாறைக் கூப்பிட்டார்கள். படக் கவுண்டர் அதிகாரி கோபக்காரர் இல்லை. அதுதான் தொல்லையே. கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு இரண்டு வார்த்தை கேட்டிருக்கலாம். அவர் அவளை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, முழுக்கக் கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டு அவளுடைய மார்க்கைத் திறந்தார். எழுபத்தொன்று, அறுபத்தெட்டு, அறுபத்து நான்கு.

"இறங்கிட்டே போகுதும்மா. ஒவ்வொரு வாரமும் நீங்க புதுசா போய் எடுக்கிறீங்க போல. ஒரு படத்துல உங்க கைகூட விழுந்திருக்கு. கையில கிரீஸ். பார்க்கிறவங்களுக்கு என்ன தோணும்? இங்க ஏதோ ரிப்பேர்னு தோணும்."

யாராவது ஒருவர் ஒரே ஒரு தடவை ஆஸ்பத்திரிக்கு வந்து, மத்தியானத்தில் அந்த லிஃப்டில் ஏறிப் பார்க்கட்டும் என்று அவள் கேட்டாள்.

அதிகாரி வருத்தமாகத் தலையசைத்தார். "நாங்க நேர்ல வர்றதில்லைங்க. கொள்கையே அதுதான். நேர்ல பார்க்கிறது அவங்கவங்க கண்ணைப் பொறுத்தது. நான் பார்த்தா ஒண்ணு தெரியும், நீங்க பார்த்தா ஒண்ணு தெரியும். அப்புறம் சண்டை. படம்னா ஆயிரம் பேர் பார்த்தாலும் ஒண்ணுதான். நான் இங்க சேர்ந்து இத்தனை வருஷமாச்சு. இதுவரைக்கும் ஒரு மெஷினைக்கூட நேர்ல பார்த்ததில்லை. அதனாலதான் என் தீர்ப்புல ஒரு கறை கிடையாது."

அவளைத் தேற்ற நினைத்தாரோ என்னவோ, அவளுடைய ஒப்புக்கொள்ளப்பட்ட படத்தைச் சுவர்த் திரையில் கதவளவு பெரிதாகப் போட்டார். மூடி போடுவதற்கு முன் எடுத்த ஒயர்ப் பெட்டியின் உட்புறம்.

"பாருங்க, எவ்வளவு லட்சணமா இருக்கு. முதல்ல மூணு தடவை திருப்பி அனுப்பினோம், ஞாபகம் இருக்கா? ஒயரெல்லாம் ஆளுக்கொரு திசையில போச்சு. நான்தான் போன்ல சொன்னேன், எல்லாத்தையும் சேர்த்துக் கட்டுங்க, இன்னும் சேர்த்து, இன்னும் சேர்த்துன்னு. இப்ப பாருங்க, பின்னின சடை மாதிரி."

லிஃப்ட்டக்கா எழுந்து சுவரருகே போனாள். அவள் கையால் கட்டியதுதான். ஒரு பக்கம் மோட்டார்த் தட்டிலிருந்து வருகிற மெல்லிய ஒயர். இன்னொரு பக்கம் மெய்த்திரைக்கு மின்சாரம் கொண்டுபோகிற தடித்த ஒயர். அவள் வழக்கமாக இரண்டையும் பெட்டியின் இரண்டு ஓரங்களில் விட்டுவைப்பாள். அன்றைக்கு இவர் காதில் ஓதிக்கொண்டே இருக்க, மூன்று தடவை திரும்பி வந்த எரிச்சலில், ஐந்து பிளாஸ்டிக் பட்டி போட்டு இரண்டையும் கன்னத்தோடு கன்னமாக இறுக்கிக் கட்டிப் படம் எடுத்தாள். கையோடு மூடி முத்திரையும் வைத்துவிட்டாள்.

மெய்த்திரை மத்தியானத்தில் என்ன காட்டும் என்று கேட்டாள்.

அதிகாரியின் முகம் மலர்ந்தது. "போன வாரம் வரைக்கும் நாள் முழுக்க வெறும் சின்னம் மட்டும்தான். இந்தத் திங்கக்கிழமையிலேர்ந்து ரெண்டுலேர்ந்து நாலு வரைக்கும் மெய் நேரம். முழு வெளிச்சம், நிமிஷத்துக்கு நாற்பது படம். உண்மை மேல ஜனங்களுக்கு ஒரு பிடிப்பு வரணும் இல்லையா?"

அவ்வளவுதான். மூன்று நாளாகப் பிடிபடாதது அவள் கைக்குள் வந்து உட்கார்ந்தது. திரை முழு வெளிச்சத்தில் ஓடும்போது அதன் ஒயரில் மின்சாரம் வெட்டி வெட்டிப் பாயும். தடித்த ஒயரில் அப்படி அதிர்ந்தால், ஒட்டிக் கிடக்கிற மெல்லிய ஒயரிலும் அது கிசுகிசுக்கும். கன்ட்ரோல் பெட்டிக்கு எது தட்டிலிருந்து வந்த துடிப்பு, எது பக்கத்து ஒயரின் கிசுகிசு என்று பிரிக்கத் தெரியாது. வருகிற எல்லாவற்றையும் எண்ணும். ஏறாத தூரத்தையும் ஏறியதாக நம்பி, தளம் வருவதற்கு முன்பே வந்துவிட்டோம் என்று நின்றுவிடும். ஏற ஏறப் பொய்த் துடிப்பு சேரும். அதனால்தான் மேலே போகப் போகக் குறை கூடியது. கீழே சுவிட்சை இடித்ததும் எல்லாம் அழிந்து சுத்தமானது.

இதை அவள் பொறுமையாக, மேஜைமேல் இரண்டு பேனாக்களை வைத்து அதிகாரிக்கு விளக்கினாள். அவரும் பொறுமையாகக் கேட்டார். பிறகு மூன்றாம் தளத்தில் லிஃப்ட் நிற்கும் படத்தைத் திறந்தார். அதுவும் அவள் அனுப்பியதுதான், ஒரு காலை வேளையில் எடுத்தது. மயிரிழை பிசகாமல் நின்றது.

"படத்துல லிஃப்ட் சரியா நிக்குது. ஒயரும் சரியா இருக்கு. அப்ப குறை எங்க இருக்கு? எங்க படத்துலயா, உங்க லிஃப்டுலயா?"

"லிஃப்டுல."

"அப்ப அது எங்க பிரிவு இல்லைம்மா," என்றார் அவர், பாரம் இறங்கியவராக. இருந்தாலும் அவள் இவ்வளவு தூரம் வந்ததற்காக முத்திரை திறக்கும் விண்ணப்பத்தைப் பதிந்துகொண்டார். நாற்பத்தைந்து வேலை நாள். குறை இருப்பதற்கு ஆதாரமாக, ஒயர்கள் பிரிந்திருந்தால் எப்படி இருக்கும் என்று காட்டும் படம் ஒன்றை, முத்திரையைத் திறக்காமல் எடுத்து இணைக்க வேண்டும்.

வெளியே வந்து தெருக்குழாயில் முகத்தைக் கழுவினாள். மாவு வழிந்து போக வெகுநேரம் ஆனது.

வெள்ளிக்கிழமை பகல் ஒன்றே முக்காலுக்கு அவள் மோட்டார் அறையில் இருந்தாள். முத்திரையில் 'உடைப்பது குற்றம்' என்று எழுதியிருந்தது. கட்டர் எடுத்து முத்திரையின் நடுவில் வெட்டினாள். மூடியைக் கழற்றினாள். ஐந்து பட்டிகளையும் ஒவ்வொன்றாக நறுக்கினாள். திரையின் ஒயரைப் பெட்டியை விட்டே வெளியே இழுத்து, சுவரில் ஒரு சாண் தள்ளி ஆணியடித்து மாட்டினாள். பார்ப்பதற்கு அலங்கோலமாகத்தான் இருந்தது. இரண்டு மணிக்கு மெய் நேரம் தொடங்கியது. லிஃப்டில் ஏறி மூன்றாம் தளத்துக்குப் போனாள். ஒரு ரூபாய் நாணயத்தை இடுக்கின் மேல் உருட்டிவிட்டாள். அது லிஃப்டின் தரையிலிருந்து தளத்தின் தரைக்கு உருண்டு போய், அரங்கின் கதவில் முட்டிப் படுத்தது. ஐந்து தடவை ஏறி இறங்கிப் பார்த்தாள். ஐந்து தடவையும் உருண்டது.

மூன்று மணிக்குத் தங்கையைத் தள்ளிக்கொண்டு போனார்கள். நாலே காலுக்குத் திருப்பிக் கொண்டுவர இருந்ததை, டாக்டரம்மாவின் கைவேகத்தில் மூன்றே முக்காலுக்கே கொண்டுவந்தார்கள். திரை அப்போது முழு வெளிச்சத்தில் நிமிஷத்துக்கு நாற்பது படம் காட்டிக்கொண்டிருந்தது. வண்டி தள்ளும் அண்ணன் பழக்கதோஷத்தில் குனிந்து முன்சக்கரத்தைப் பிடிக்கப் போனார்.

"தூக்காதீங்கண்ணே. சும்மா தள்ளுங்க," என்றாள் லிஃப்ட்டக்கா.

தள்ளினார். சக்கரம் சத்தமில்லாமல் உள்ளே வந்தது. பக்கத்தில் குழந்தையோடு கிடந்த தங்கைக்கு இடுப்புக்குக் கீழ் இன்னும் மரத்திருந்தது, வாய் மரத்திருக்கவில்லை.

"எப்ப வண்டி லிஃப்டுக்குள்ள இறங்கும், சொல்லு. கண்ணை மூடிட்டுப் பல்லைக் கடிச்சிட்டு இருக்கேன்."

"வந்தாச்சுடி."

தங்கை ஒரு கண்ணைத் திறந்து திரையைப் பார்த்தாள். "எப்பா, என்ன வெளிச்சம். இதை மொதல்ல நிறுத்தித் தொலை, பொண்ணு முழிச்சுக்கப் போறா," என்றாள்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் போன் துடித்தது. 'உங்கள் மெய்மையை உறுதி செய்யுங்கள்.' மோட்டார் அறையில் நின்றுகொண்டிருந்தாள். எதிரே, உடைந்த முத்திரைக்குப் பக்கத்தில், இரண்டு ஒயர்களும் ஒன்றை ஒன்று பார்க்காமல் தொங்கின. கேமராவைத் திறக்கவில்லை. போனில் பழைய படங்களைத் தள்ளிக்கொண்டே போய், அந்தப் பின்னின சடையை எடுத்து அனுப்பினாள். ஒரு நிமிஷத்துக்குள் பதில் வந்தது. நூற்றுக்கு நூறு. சென்ற வாரத்தைவிடப் பணியில் பெரும் முன்னேற்றம் என்று ஒரு பாராட்டும் கூடவே வந்தது.

அன்றிலிருந்து இதுதான் ஏற்பாடு. ஒயர்களுக்கு நடுவில் ஒரு சாண் இடைவெளி. வாரியத்துக்கு வாராவாரம் பழைய படம். லிஃப்ட் மூன்றாம் தளத்தில் சமமாக நிற்கிறது.